குங்குமப் பொட்டுக்கு ஆறரை

"ஒன்பது புள்ளி நாலு போடு நிஸாம். இல்லாட்டி கடைச் சாவிய வச்சிட்டுப் போ."

முதலாளி இப்படிச் சொன்னபோது, நான் தரம் பார்த்துக்கொண்டிருந்த காமிக்ஸின் சொந்தக்காரரும் எதிரில் இருந்தார். பெயர் செல்வராணி. ஊர் வத்தேகம, வேலை மாநகர சபையில் கிளார்க்.

கண்டி டவுனில், சேகரிப்பவர்களுக்குக் காமிக்ஸ் விற்கும் கடை அது. இணையத்தில் படம் போட்டு வெளிநாட்டுக்கும் அனுப்புவோம். தரம் போடுவது என் வேலை. பத்துக்கு இத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி, கீழே கையெழுத்து வைப்பேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மிகப் பழைய காமிக்ஸ் கிழிந்திருந்தாலும் வாங்க ஆள் உண்டு, ஏனென்றால் மிஞ்சியதே கொஞ்சம். நம் காலத்தில் வந்தவை அப்படியல்ல. அச்சடித்ததும் அதிகம், பிளாஸ்டிக் உறையில் பொத்திப் பொத்தி வைத்தவர்களும் அதிகம். அதனால் பத்தை ஒட்டிய பிரதிக்குத்தான் பெரிய விலை. முதுகில் ஒரு சின்ன மடிப்பு, கண்டி ஈரத்தில் துருப்பிடித்த ஒரு ஸ்டேப்பிள் பின், அவ்வளவு போதும். விலை மளமளவென்று இறங்கிவிடும்.

செல்வராணி கொண்டுவந்தது, பெயர்பெற்ற ஒரு நாயகன் முதன்முதலில் தலைகாட்டிய இதழ். முன்னட்டை பளபளவென்று இருந்தது. மூலை ஒன்றுகூட மழுங்கவில்லை. ஆசையோடு திருப்பினேன். பின்னட்டையின் கீழ் மூலையில் சந்தனமும் குங்குமமும்!

"ஸ்கூல்ல படிக்கிறப்ப சரஸ்வதி பூசைக்குப் பாடப் புத்தகத்தோட இதுவும் போயிருச்சு நானா. அம்மா எல்லாத்துக்கும் பொட்டு வச்சுட்டாங்க." முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, வயிறும் எரிந்தது. பொட்டு இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது புள்ளி நாலு போட்டிருப்பேன். ஆறரை போட்டேன். பக்கத்தில் 'பின்னட்டையில் கறை' என்று எழுதினேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "மருந்து போட்டு அழி. மிச்சம் இருந்தாலும் படத்துல விழாது. வெளிநாட்டுக்காரனுக்கு வெளங்கவா போகுது?"

"அழிச்சா, அழிச்சதுன்னு எழுதணும் மொதலாளி. மறைச்சு வித்தா அது கள்ள யாவாரம்."

அதற்குப் பிறகுதான் அந்தச் சாவிப் பேச்சு. எனக்கும் கோபம் தலைக்கேறியது. சம்பளம் அவருடையது, கையெழுத்து என்னுடையது. சாவிக்கொத்தை எடுத்து மேசையில் டக்கென்று வைத்தேன். பிள்ளைகளின் ஸ்கூல் வேன் காசு நினைவுக்கு வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன்.

செல்வராணி என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவரோ சீட்டை வாசித்துவிட்டு முகம் சிவந்து நின்றார்.

"எங்கம்மா வச்ச பொட்டு ஒங்களுக்குக் கறையா நானா?"

முதலாளிக்கு மடங்காத நான் இதற்குத் தடுமாறிவிட்டேன். எங்கள் தொழிலில் தேத்தண்ணி, மை, குங்குமம் எல்லாம் ஒரே கணக்கு, எல்லாமே கறைதான். ஆனாலும் இது யாரோ சிந்தியது இல்லையே. 'கறை'யை வெட்டிவிட்டு, 'சரஸ்வதி பூசையில் வைத்த சந்தன குங்குமப் பொட்டு' என்று எழுதினேன்.

"நம்பரு?"

"ஆறரைதான்."

"சொல்ல மாத்துனீங்க, நம்பர மாத்தக் கூடாதா?"

"சொல்லு பிழை, மாத்தினேன் தங்கச்சி. நம்பர் சரி. அத எதுக்கு மாத்தணும்?"

"இவன் மாத்தாட்டி நான் மாத்துறேன், தாங்க" என்று முதலாளி காமிக்ஸுக்குக் கை நீட்டினார். செல்வராணி அதை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் சேர். அம்மா வச்ச பொட்ட அழிக்க ஒங்ககிட்ட கொண்டாரல. வித்தா பொட்டோட விப்பேன்."

இருவரும் ஒன்றாகத்தான் படியிறங்கினோம். தெருவுக்கு வந்ததும் அவர் காமிக்ஸை என்னிடமே நீட்டினார். "நீங்களே வித்துக் குடுங்க."

பொட்டையே முதல் படமாக இணையத்தில் போட்டு விற்றேன். ஆறரைக்கு உரிய விலைதான் கிடைத்தது, அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. அவரும் முகம் சுளிக்கவில்லை.

இப்போது வீட்டு முன்னறையில் மேசை போட்டுத் தரம் போடுகிறேன். எழுதிய சொல் பிழை என்றால் யார் சொன்னாலும் திருத்துவேன். அன்று செல்வராணியிடம் படித்தது அது. 'கொஞ்சம் கூட்டிப் போடுங்க நானா' என்று கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள். உட்காரக் கதிரை தருவேன், தேத்தண்ணி தருவேன். அரைப் புள்ளி தரமாட்டேன்.