ரேடியோ தங்கியிருந்த வீடு

லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு ரேடியோ என்று பேர். வாய் மூடவே மூடாது. மேனேஜர் தும்முவதிலிருந்து அவர் மனைவி போனில் அதட்டுவது வரை அச்சு அசலாகப் பேசிக் காட்டுவான். அவனோடு ஜோடி சேர்ந்து வேலை பார்த்த மெக்கானிக்குக்கு ஊமை என்று பேர். வாயிருந்தும் பேசாத ஆள். கிரீஸ் நாறும் லிஃப்ட் குழிக்குள் ரேடியோவின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் ஊமைக்குப் பயமே தெரியாது.

ஒருநாள் அந்தக் குழியில் ரேடியோ விழுந்தான். உயிர் தப்பியது, முதுகு போயிற்று. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி குறைந்த பிறகும் மாத்திரையை விட முடியவில்லை. வேலை போனது, கட்டியவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். கடைசியில் ஒரு மருந்துக்கடை ஷட்டரை நெம்பும்போது கையும் களவுமாகப் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனான்.

பார்க்கப் போனது ஊமை மட்டும்தான். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று வார்டர் மாதிரியே பேசி, வார்டரையே சிரிக்க வைத்தான் ரேடியோ.

விடுதலையானதும் ஊமை அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தான். மனைவி முகம் சுளிக்கவில்லை. "அண்ணன் இருக்கட்டும். அம்மாவுக்கும் பேச்சுத்துணையா இருக்கும்" என்றாள். அவளுடைய அம்மா உள்ளறையில் புற்றுநோயோடு படுத்திருந்தாள்.

ரேடியோ அந்த அறையே கதியென்று கிடந்தான். கால் பிடித்துவிட்டான், பால் புகட்டினான். "உங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் காய்ச்சல் வருதும்மா" என்று டாக்டர் குரலில் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தான். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்காதுடா" என்பாள்.

ஆனால் வலி ஏறிக்கொண்டே போனது. தலையணையைக் கடித்துக்கொண்டு முனகினாள். நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தார்கள். ஒரு காலையில் அம்மாவுக்கு வலி மாத்திரை எடுத்த மனைவிக்குச் சந்தேகம் தட்டியது. அதே நிறம், அதே அளவு. நடுவில் கோடு மட்டும் இல்லை. புட்டி முழுக்கச் சாதாரண சத்து மாத்திரை.

அவள் கத்தவில்லை. புட்டியை ரேடியோவின் முன்னால் வைத்தாள்.

"அண்ணா, அம்மா வலியில துடிச்சப்போ நீங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"ஆமா."

"கையைப் பிடிச்சுக்கிட்டு?"

"ஆமாம்மா."

ஊமை எழுந்து வாசல் கதவைத் திறந்தான். "போயிடு. நான் ஏதாவது செஞ்சிடறதுக்கு முன்னாடி போயிடு."

செருப்புகூடப் போடாமல் போனான். நல்ல மாத்திரை வந்த பிறகு மாமியார் தூங்கினாள், விழித்தபோதெல்லாம் "அந்தப் பிள்ளை எங்கே?" என்றாள். வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது என்றார்கள். அதை நம்பியபடியே கண்ணை மூடினாள்.

ரேடியோ மறுபடி மருந்துக்கடைத் திருட்டில் மாட்டி ஜெயிலுக்குப் போனான். ஊமை பார்க்கப் போகவில்லை. அங்கேயே செத்துப்போனான் என்று போன் வந்தபோது, சொந்தக்காரர்கள் கைகழுவிவிட்டதால் உடலை வாங்க ஊமைதான் போனான். "உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார் பிணவறை ஊழியர்.

"கூட வேலை பார்த்தவன்."

அடக்கம் முடித்து வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள். "அழுதீங்களா?"

"இல்ல."

"நான் அழுதேன். ஏன்னுதான் தெரியல."

கம்பெனியில் இன்னும் ரேடியோவின் கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். "நீ சொல்லுப்பா, உனக்குத்தான் நிறையத் தெரியும்" என்று ஊமையைக் கிளறுவார்கள். அவனும் பேச வாயெடுப்பான். பிறகு ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவான்.