தாணுமாலையனின் சிறப்புரை

பாளையங்கோட்டை தாணுமாலையன் முப்பத்திரண்டு வருடம் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நடத்திய பாடம் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் வர்த்தகர் சங்க ஆண்டுவிழாவில் வருடம் தவறாமல் அவர் ஆற்றும் சிறப்புரை ஊருக்கே தெரியும். "ரிசர்வ் வங்கி சொல்கிறது" என்று ஆரம்பித்து ஓர் எண்ணைச் சொல்வார். தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் கட்டாயம் இருக்கும். சொல்லிவிட்டுத் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு நிற்பார். கைதட்டல் வரும். பலசரக்குக் கடைக்காரரும் பாத்திரக் கடைக்காரரும் மும்பைக்குப் போய்ச் சரிபார்க்கவா போகிறார்கள்?

உள்ளதைச் சொன்னால், அந்த எண்களில் பாதி பழைய அறிக்கைகளில் எடுத்தது. மீதிப் பாதி காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. அதைப் பொய் என்று அவர் நினைத்ததே கிடையாது. உத்தேசமாக அப்படித்தான் இருக்கும் என்று மனதார நம்பினார். நல்ல மனிதர்தான், எண் விஷயத்தில் மட்டும் வாய் கொஞ்சம் நீளம்.

நன்றாக நடந்துகொண்டிருந்த இந்தப் பிழைப்பில் சங்கச் செயலாளர் காஜா முகைதீனின் மகள் அர்வா மண்ணைப் போட்டாள். அவளுக்குப் பெங்களூரில் வேலை. ஏவிய வேலையைத் தாமே செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டுகள் இருக்கின்றன அல்லவா, அவை ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவர அட்டவணைகளுக்குள் நுழைந்து கேட்ட எண்ணை மட்டும் எடுத்துவர ஒரு கருவி செய்திருந்தாள். எந்த அட்டவணை, எந்தத் தேதி என்று சேர்த்தே சொல்லும். இல்லாததை இல்லை என்று சொல்லிவிடும். தாணுமாலையனுக்கு அந்தக் குணம் அறவே பிடிக்கவில்லை.

பெருநாளுக்கு ஊர் வந்தவள், அவருடைய போன வருடச் சிறப்புரையை ஆசையாக அதில் கொடுத்துப் பார்த்தாள். பதினோரு எண்களில் இரண்டுதான் அகப்பட்டன. மற்ற ஒன்பதுக்கும் 'அப்படி ஒரு தரவு இல்லை' என்று வந்தது. காஜா முகைதீன் தன் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தாணுமாலையனிடம் விஷயத்தை எடுத்தார்.

"சார்வாள், தப்பா நெனைக்காதிய. இந்த வருசம் நீங்க பேசுத எண்ணெல்லாம் இதுல இருந்துதான் வரணும். இப்பம் எல்லாவனும் செல்போன்ல தட்டிப் பாக்கான். ஒண்ணு பிசகுனாலும் சிறப்புரைய வேற ஆளுக்குக் கொடுக்க வேண்டியதுதான்."

"நான் சொல்லுதத விட ஒரு மிசினு சொல்லுதது ஒமக்குப் பெருசாப் போச்சா வே?"

"மிசினு எங்க சொல்லுது? ரிசர்வ் வங்கில்லா சொல்லுது. நீங்களும் அதத்தான சொல்லுதிய?"

அந்த மேடையும் போய்விட்டால் தனக்கு மிச்சம் என்ன என்று தாணுமாலையன் யோசித்துப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் கருவியைப் பழகினார். திருநெல்வேலி மாவட்ட வங்கிகளில் மக்கள் போட்டிருக்கும் வைப்புத்தொகை, பதினைந்து வருடத்துக்கு வேண்டும் என்று கேட்டார். எண்கள் வந்தன. வருடா வருடம் ஏறிவந்த தொகை ஓரிடத்தில் சடாரென்று சரிந்திருந்தது. கருவி அத்தோடு நிறுத்திக்கொண்டது. அதை ஏவிய ஏஐ சும்மா இருக்கவில்லை. வங்கி மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை போயிருக்கலாம், பணம் வெளியூர் போயிருக்கலாம் என்று கேட்காமலே இரண்டு காரணம் எழுதிக் கொடுத்தது. படிக்கப் படிக்க அவருக்கு உடம்பு சிலிர்த்தது. நம்மைப் போலவே ஒருத்தன் என்று தோன்றியிருக்க வேண்டும்.

ஆண்டுவிழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் அர்வாவும் இருந்தாள். "நெல்லைச் சீமையின் சேமிப்பு எங்கே போயிற்று?" என்று கேட்டார் தாணுமாலையன். எண்ணைச் சொன்னார், அட்டவணையின் பெயரைச் சொன்னார், தேதியையும் சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாக அத்தனையும் நிஜ எண். அந்தத் தெம்பில் குரலும் ஓங்கியது. "அந்தப் பணம் எங்கே?" என்று மறுபடி கேட்டுவிட்டுக் கைதட்டலுக்காக நின்றார்.

சுரண்டையில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஞானம்பாள் மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்தார்.

"எங்கயும் போகல சார். எங்க ஊரு பேங்குலதான் கெடக்கு. தென்காசியத் தனி மாவட்டமாப் பிரிச்சாச்சுல்லா? சுரண்டை, சங்கரன்கோவில் கணக்கெல்லாம் அங்கன போயிட்டு. மாவட்டம் பிரிஞ்சதுக்கு எங்க ஊர்ல பாராட்டுக் கூட்டம் போட்டோமே, அன்னைக்கும் சிறப்புரை நீங்கதான்."

மண்டபம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. தாணுமாலையன் அர்வா பக்கம் திரும்பினார்.

"ஒம் மிசினுதானம்மா சொல்லிச்சு."

"அது எண்ணச் சரியாத்தான் எடுத்துக் கொடுத்துருக்கு சார். மாவட்டம் பிரிஞ்சது இங்கனயே இருக்கிற ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவள் குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். அதனால்தான் அப்படி வலித்தது.

அடுத்த வருட அழைப்பிதழில் அவர் பெயரைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. கடைசி வரியில், நன்றியுரை என்று போட்டிருந்தார்கள். சாப்பாட்டு வாசம் மண்டபத்துக்குள் வந்த பிறகு பேசுவதற்குத்தான் நன்றியுரை என்று பெயர். அவர் மைக்கைப் பிடித்தபோது முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது.

"திரளாக வந்திருக்கும் ஐந்நூற்று..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர், நிறுத்தினார். விரலை நீட்டி வரிசை வரிசையாக எண்ணினார். மைக்செட்காரர் ஓரத்தில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்; அவரையும் சேர்த்துக்கொண்டார்.

"பதினாறு பேருக்கும் நன்றி" என்றார்.