நியூ டிபார்ச்சருக்குத் தமிழ்

இராயபுரத்துக்கு வந்து ஏழு வருஷமாகியும், நான் குமாஸ்தாவாக இருக்கும் துறைமுகக் கிடங்கில் பழைய வழக்கம் எதை நிறுத்தினாலும் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் வைப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. யுத்தத்தில் ரங்கூனைவிட்டு வந்து ஆளுக்கொரு ஊரில் கிடக்கும் நண்பர்களே, உங்களிடத்திலும் இப்படித்தானா? மத்தியானத் தேநீரை நிறுத்தினார்கள். மானேஜர் "நியூ டிபார்ச்சர்" என்றார். மழைக்கு ஒதுங்கும் கொட்டகையைப் பூட்டினார்கள். அதுவும் நியூ டிபார்ச்சர். அதைத் தமிழாக்கி வாசலில் ஒட்டுவது என் வேலை. "புதிய ஏற்பாடு" என்று எழுதுவேன். படிக்க மங்களகரமாக இருக்கும்.

போன மாதம் கிடங்கில் மூட்டைகள் சரிந்து கூலியாள் முனுசாமி இறந்துபோனான். இறந்தவனின் வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அவன் மனைவி கன்னியம்மா தண்டையார்பேட்டையிலிருந்து நடந்தே வந்து நின்றாள். மானேஜர் தலைநிமிராமல் என்னிடம், "நோ. நியூ டிபார்ச்சர்" என்றார்.

வெளியே வந்ததும், "தொரை இன்னா சொன்னாரு நைனா?" என்றாள்.

"டிபார்ச்சர்னு..." என்று இழுத்தேன். துறைமுகத்தில் கப்பல் புறப்படுவதற்கும் அதே சொல்தான்.

"கப்பல் கெளம்புறதா? அது போனப்பால வேலை கீதா? சரி, குந்திகினு கீறேன்."

நான் மறுக்கவில்லை. நான்கு நாள் அவள் வாசலில், வெயிலில் உட்கார்ந்திருந்தாள். நான்கு நாளும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போனேன். ரங்கூன் அரிசி ஆலையில் என் அப்பா இறந்த மறுவாரமே அம்மாவைப் புடைக்கிற வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்தச் சோற்றைத் தின்றுதான் நான் இந்த இங்கிலீஷைப் படித்தேன்.

ஐந்தாம் நாள் சொல்லிவிட்டேன். "வேலை கிடையாதும்மா. அதைத்தான் அப்படிச் சொல்றாங்க."

அவள் அழவில்லை. "இத்த அன்னிக்கே சொல்லிகீலாமே நைனா. நாலு நாளு வேற எங்கியாச்சும் போயிருப்பேனே."

அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு, தெரிந்தவருடைய அரிசி மண்டிக்கு அவளை அழைத்துப் போனேன். கல் பொறுக்கும் வேலை கொடுத்தார்கள், நிரந்தரமில்லை. கடற்கரைச் சாலையில் திரும்பி நடக்கையில், "ஒங்க ஊர்லயும் இப்டித்தானா?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல..." என்று தொடங்கினேன். அப்பா பிறந்த திருநெல்வேலிச் சீமை தெற்கே இருக்கிறது. என் கை தானாகக் கிழக்கே நீண்டது.

கன்னியம்மா அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அங்க தண்ணி தானே நைனா கீது?" என்றாள்.