பிரான்காச்சோவில் ஒரு பற்றைக்காடு

செவ்வாய், காலை 8.10. இத்தாலியின் பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்தில் ஒன்று நாற்பது யூரோவுக்குச் சீட்டு வாங்கி, பிரான்காச்சோ பேருந்தில் நின்றபடியே போனேன். அக்கா தொலைபேசியில் சொன்ன 'இன்கோல்தோ' என்ற சொல் கூடவே வந்தது. உழாத நிலம் என்று பொருள். ஆறு வருடமாக அவள் கத்தரியும் பயற்றங்காயும் வளர்க்கும் பொது நிலத்துண்டுக்கு அரசாங்கத் தாளில் அந்தப் பெயர். அங்கே வாகனத் தரிப்பிடம் கட்டுவதற்குமுன் பத்து மணிக்கு அதிகாரி கடைசியாகப் பார்க்க வருகிறார்.

நான் வசிப்பது லண்டனின் தோர்ன்டன் ஹீத்தில். 'ஹீத்' பழைய ஆங்கிலச் சொல். கலப்பை படாத பற்றைவெளி. ஏழைகள் அங்கே மாடு மேய்த்தார்கள், விறகு வெட்டினார்கள். பிறகு பணக்காரர்கள் சட்டம் போட்டு வளைத்துக்கொண்டார்கள். வேற்று மதத்தவரைத் திட்டும் 'ஹீதன்' என்ற சொல்லும் அதிலிருந்தே பிறந்தது என்பார்கள், மறுப்பவர்களும் உண்டு. எனக்கு நம்புவதில் சிரமமில்லை.

8.45. மாடிக் குடியிருப்பின் பின்னால் ஆளுயர நாணலும் முள்ளும். எனக்கே வெறும் பற்றையாகத்தான் தெரிந்தது. அக்கா குனிந்து முள்ளுக்கு நடுவே விட்டிருந்த ஒரு பொட்டுக்குள்ளால் நுழைந்தாள். உள்ளே பாத்தி பாத்தியாகக் கத்தரி.

"கள்ளர் வருவினம் எண்டு அத்தான்தான் பற்றையை வேலியாய் விட்டவர், தம்பி. வெளியிலை நிண்டு பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டு எழுதிப்போட்டாங்கள்."

"வெட்டித் திறந்து காட்டுங்கோ அக்கா!"

பின்னால் வந்த அத்தான் குறுக்கிட்டார். "காட்டினால் காணியைக் கேளாமல் பிடிச்சதெண்டு பேர் எழுதுவாங்கள். அடுத்த மாதம் வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேணும். இஞ்சை இருக்க விடாட்டி எங்கை போறது?"

மறைத்தால் பாழ்நிலம், காட்டினால் குற்றவாளி. அத்தானிடம் கத்தினேன். கத்தவேண்டிய ஆள் அவரில்லை என்று தெரிந்தேதான் கத்தினேன்.

10.20. அதிகாரி காரைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கிப் பற்றையைப் படமெடுத்தார். அக்கா கத்தியை எடுத்து நாலு வெட்டில் நாணலைச் சரித்தாள். இறங்கிப் பாருங்கள் என்று இத்தாலிய மொழியில் சத்தம் போட்டாள். இறங்கினார், பார்த்தார், பெயரைக் கேட்டார். அக்கா எழுத்தெழுத்தாகச் சொன்னாள். தாளில் 'இன்கோல்தோ' என்ற சொல்லை வெட்டச் சொன்னாள். அச்சிட்ட தாள், மாற்ற முடியாது என்றார்.

தாளை நானும் பார்த்தேன். 'உழாத நிலம்' அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, அனுமதியின்றிப் பயிரிட்டவர்: அக்காவின் பெயர்.

வியாழன், மாலை. தோர்ன்டன் ஹீத் நிலையத்தில் இறங்கினேன். இங்கே ஹீத் என்பது பெயர்ப்பலகையில் மட்டும்தான். பையில் இரண்டு கிலோ கத்தரிக்காய். வழியில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், உழாத நிலத்தில் காய்த்தது என்று.