மேனாம்பேட்டிலிருந்து ஓர் அம்பாசடரும் ஒரு பத்மினியும்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேனாம்பேட்டிலிருந்து கிளம்பினோம். முன்னால் அக்கா வீட்டுக்காரர் முருகேசனின் டீசல் அம்பாசடர். பின்னால் என் பெட்ரோல் பத்மினி. இரண்டுக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அக்கா மகள் கவிதாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மண்டபத்துக்கு அவளை எந்தக் கார் ஏற்றிச் செல்வது என்று எங்கள் இருவருக்கும் ஓயாத வாக்குவாதம். முத்தாபுதுப்பேட்டையில் பத்திரிகை வைத்துவிட்டு, கரையான்சாவடி மண்டபத்தைப் பார்க்கப் போகும் வழியில் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது, தீர்ப்பைக் கவிதாவே சொல்வது என்று முடிவானது.

ஆவடி வரை எனக்கே வெற்றி. பத்மினி சட்டென்று வேகம் பிடிக்கும், நெரிசலில் ஒரே வெட்டில் திரும்பும், லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கும். சாமான் கிடைப்பதுதான் பாடு. ஒரு கதவு ரப்பருக்காகச் சென்னை புதுப்பேட்டையின் பழைய கார் சாமான் கடைகளில் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறேன். அம்பாசடருக்கு அந்தக் கவலை குறைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் தோள் வலிக்கும். ஆனால் முத்தாபுதுப்பேட்டையில் சாலை குண்டும் குழியுமானபோது, அதன் பின்சீட்டில் கவிதா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது என் காரில் ஏறிக்கொண்டாள். ஒன்பதரை மணிக்குப் பருத்திப்பட்டைத் தாண்டினோம். முந்தின நாள் மழையில் சாலையில் முழங்கால் தண்ணீர். அம்பாசடர் எருமை மாதிரி அசைந்து கரையேறிவிட்டது. என் வண்டி நடுவிலேயே நின்றது. சாவியைத் திருப்பத் திருப்ப வெறும் உறுமல்தான்.

"இன்னா மச்சான், கயித்த கட்டி இஸ்துகினு போவட்டா?" என்று அக்கரையிலிருந்து முருகேசன் கத்தினார்.

நான் பதில் சொல்வதற்குள் கவிதா சுடிதாரை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, துப்பட்டாவால் உள்ளே ஈரம் போகத் துடைத்தாள்.

"டீசலுக்குப் பொறி வேணாம் மாமா, அதான் அது போயிடுச்சு. உன்னுது நனைஞ்சிகினு கீது. கொஞ்சம் நவுரு."

ஓட்டுநர் இருக்கையில் அவளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி இருமியது, செருமியது, பிடித்துக்கொண்டது.

கரையேறியதும் முருகேசனிடம் கேட்டேன். "மாமா, கவிதா இதெல்லாம் எங்க கத்துகிச்சு?"

"என் வண்டிக்கு மூணு வருசமா சர்வீஸ் யாருன்னு நெனச்ச? வீடியோ பாத்து பாத்து அதுவே செய்யுது. எனக்கு ஆயில் மாத்தக்கூட வராது மச்சான்."

இத்தனை நாள் தன் பராமரிப்பு என்று என்னிடம் அளந்த மனிதர், வெட்கமே இல்லாமல் சிரித்தார்.

மண்டப வாசலில் தீர்ப்பு கேட்டோம். "அப்பா வண்டி. பொடவை கசங்காது" என்றாள், யோசிக்காமல். எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வீடு திரும்பும்போதும் என் வண்டியை அவள்தான் ஓட்டினாள். பூந்தமல்லி சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "வண்டி சூப்பரா கீது நைனா! உன்னுதா?"

"வண்டி கெடக்கட்டும் அண்ணாத்தே," என்றேன். "ஓட்டுறது யாருன்னு பாத்தியா? எங்க அக்கா பொண்ணு!"