காற்புள்ளிக்கு அடுத்து நின்றவர்

தணிகைவேல் செங்கல்பட்டு சப்கலெக்டர் ஆபீஸ் வாசலில், புங்கமரத்தடியில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து மனு எழுதுபவர். ஆட்கள் தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் அடித்துவிடுவார். படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்கவேண்டும். அவர் தாளைப் படிப்பதில்லை. சற்றுமுன் கேட்டதையே தமிழில் திருப்பிச் சொல்வார். சொன்னது அப்படியே வந்திருக்கிறதே என்று அவர்களும் பூரித்துப்போவார்கள்.

எழுபத்து நான்காம் வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், டீக்கடையில் கார்பன் நகல்களைப் புரட்டியவர் டீ கிளாஸை அப்படியே கீழே வைத்தார்.

சதுரங்கப்பட்டினத்துக் குப்பம்மாவின் நஷ்டஈட்டு மனு. அவள் புருஷன் கண்ணாயிரம் மீன்கூடையோடு சாலையோரம் நடந்தபோது லாரி மோதி இறந்துபோனார். "குடிச்சிட்டு வந்து எங்கூட்டுக்காரர இட்ச்சிட்டாம்பா அந்த டிரைவரு" என்றுதான் அவள் அழுதாள். தணிகைவேலோ ஆங்கிலத்தில் 'குடித்திருந்த நிலையில்' என்று தொடங்கி, காற்புள்ளி வைத்து, கம்பீரமாக இருக்கட்டுமென்று 'என் கணவர் டிரைவரால் மோதப்பட்டார்' என்று முடித்திருந்தார். ஆங்கிலத்தில் காற்புள்ளிக்கு அடுத்து யார் நிற்கிறாரோ, குடித்த பழி அவர் தலையில்தான் விழும். சாராயத்தைத் தொடாத கண்ணாயிரம் தாளில் குடிகாரராகிவிட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை.

புது மனு அடித்தார். 'டிரைவர் குடித்திருந்தான். அவன் ஓட்டிவந்த லாரி என் கணவர்மீது மோதியது.' அதற்கும் கைநாட்டு வேண்டுமே. மைப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஞாயிறு முதல் பஸ் ஏறினார். மனு எழுதிவந்த பதினோரு வருடத்தில் இன்னும் எத்தனை மனுவில் யார் யாரை எங்கே மாற்றி நிற்கவைத்தோமோ என்று மனசு குடைந்தது. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது மூன்று தரம் இறங்கி ஏறினார்.

"இன்னா சாரே, நீ தள்ளுனாத்தான் பஸ்ஸு போவுமா? ஒக்காரு" என்றார் கண்டக்டர்.

குப்பம்மா ஊரின் பழைய கோட்டைச் சுவரோரம் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"அன்னிக்குப் படிச்சிக் காட்னியே, நல்லாத்தான இருந்திச்சி?"

"தாளைப் படிக்கலம்மா. நீ சொன்னதையே சொன்னேன்."

"அடப்பாவி மனுசா! மோந்துகூடப் பாக்காத ஆள குடிகாரனாக்கிட்டு, இப்ப மைய நீட்டிகினு வந்துகீற!"

அவர் புது மனுவை எடுத்து நீட்டினார். அவள் கட்டைவிரலைத் தரவில்லை.

"வெரலு வச்சிப் படி. டிரைவரு எங்க கீறான்?"

காட்டினார்.

"எங்கூட்டுக்காரரு?"

காட்டினார்.

"நடுவுல இன்னாது, புள்ளி?"

"அதோட டிரைவர் குடிச்ச கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"அத்த நல்லா அழுத்திப் போடு."

பேனாவால் அழுத்தினார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் கைநாட்டு வைத்தாள்.

"நாளிக்கி நானும் வரேன். உன்ன நம்ப முடியாது."

திங்களன்று குமாஸ்தா புது மனுவை வாங்கிக்கொண்டார். பழையதைத் தர மாட்டேன் என்றுவிட்டார். அது கோப்பில் புது மனுவுக்கு அடியிலேயே இருந்தது. கதவு சாத்திய அறைக்குள் விசாரணை நடக்க, தணிகைவேல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். உள்ளிருந்து அதிகாரியின் குரல் கேட்டது.

"யாரும்மா குடிச்சிருந்தது?"

"டிரைவரு சாமி!" குப்பம்மாவின் குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும். "ரெண்டு தாளு இருந்தா, மேல இருக்கறதப் படிங்க!"