பத்தாயமும் ஸ்கேன் குழாயும்

தலைக்குள் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, தஞ்சாவூரில் என்னை ஸ்கேன் குழாய்க்குள் தள்ளினார்கள். "அசையாதீங்க சார்," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். அசைய எங்கே இடம்? தொப்பையே கூரையைத் தொட்டது. கண்ணை மூடினேன். எங்கள் வீட்டுப் பத்தாயத்தின் இருட்டு வந்துவிட்டது.

நெல் கொட்டி வைக்கும் அந்த மரப்பெட்டி ஆளைவிட உயரம். அடியில் தங்கிய நெல்லைக் கீழ்த் துவாரத்துக்குத் தள்ள, வீட்டிலேயே ஒல்லியான ஆளை மேலிருந்து இறக்குவார்கள். சின்ன வயதில் அது நான்தான், நம்புங்கள். அம்மா என் நெற்றியில் சிலுவை போட்டு இறக்கினாள். உள்ளே புழுக்கம், உமித்தூசி, காதோரம் அந்துப்பூச்சி, எங்கோ எலி.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்டா. தள்ளு."

மறுபடி கேட்டேன். பதில் இல்லை. கத்தினேன். அப்போதும் இல்லை. என்னை மறந்துவிட்டுப் பூசைக்குப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். கால்சட்டை நனைந்தது. ஆனாலும் நான் தள்ளிய நெல்லைத் துவாரத்தில் ஒரு கை விடாமல் வாரிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் அழுதுகொண்டே சண்டை போட்டேன்.

"தூசி தாங்காம வாயில துண்டு கட்டியிருந்தேன். எப்படிடா பேசுறது? கை தெரியலையா ஒனக்கு?" என்றாள். நனைந்த நெல்லைத் தனியாகக் காயவைத்தாள்.

குழாய் தடதடவென்று அடித்தது. "ஆண்டவரே, இருக்கீங்களா?" பதில் இல்லை. பயமும் போகவில்லை. ஆனால் இந்தத் தடவை கத்தவில்லை. அவரும் வாயில் துண்டு கட்டியிருக்கலாம். கை மட்டும் வேலையாக இருக்கும்.